கல்வத்தை விட்டுக்கொடுக்காத ஓகினு

எங்கள் தெருவில் ஓகினுவைப் பெயர் சொல்லி யாரும் பேசியதில்லை. கல்வக் கிழவி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மருமகள் வந்த பிறகும், தூள் அரைக்கிற தன் கல்வத்தை விட்டுக்கொடுக்காதவள், இரண்டு மணிக்கட்டும் துவண்டு தொங்கிய பிறகும் குழவியைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அரைத்தவள், அப்பேர்ப்பட்ட பேராசைக்காரி என்று அவளுக்குப் பேர்.

அந்தப் பேரை வாங்கிக்கொடுத்தவள் நான்தான். பொதுக் குளியல் கூடத்தில், கிணற்றடியில், டோஃபுக்காரன் கூடையை இறக்கும் முக்கில் என்று நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் போய்ச் சொன்னேன். எடோ நகரத்தில் கண்டா வட்டாரம் முழுக்க ஒரே மாதத்தில் பரவிவிட்டது. எனக்கு வாய் நீளம் என்று என் புருஷனே சொல்வார். ஆனால் அந்த ஒரு பொய்யை நான் வாய் நீளத்தால் சொல்லவில்லை. ஓகினு என்னைக் கெஞ்சிக் கேட்டாள், சொன்னேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் ஓகுமா. என் புருஷன் ரிஹெய் வாளின் பிடிக்குப் பட்டுக் கயிறு சுற்றுகிறவர். எங்களுக்கு அடுத்த சுவர் தஷிரோ வீடு. வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டு இருக்குமே, கை வழுக்கி அலகில் படாமல் காப்பது, அந்தக் காப்புத்தட்டுகளுக்கு எனாமல் வைப்பது அவர்கள் தொழில். மயிரிழைத் தங்கக் கம்பியை வளைத்துப் பூவோ தும்பியோ செய்து, நடுவில் கண்ணாடித் தூளை நிரப்பிக் கரி அடுப்பில் சுடுவார்கள். தூள் உருகி நிறமாக நின்றதும் அதைத் தட்டில் பதிப்பார்கள். தட்டு தங்கம் கலந்த செம்பு. மருந்துநீரில் வேகவைத்து எடுத்தால் காக்கைச் சிறகின் கறுப்பு வரும். அந்தக் கறுப்பின்மேல் தஷிரோ வீட்டு நீலம் உட்கார்ந்தால் வேறு எந்தப் பட்டறையின் நீலமும் பக்கத்தில் நிற்க முடியாது.

பிடி சுற்ற வாள்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போது அந்தத் தட்டுகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, அழகுதான். ஒரு பிரபு வீட்டுக் காரியஸ்தர் ஒருமுறை எங்கள் வாசலில் உட்கார்ந்து, புல்லில் நின்ற பனித்துளியை அப்படியே எடுத்து ஒட்டின மாதிரி இருக்கிறது என்று உருகினார். நான் எழுந்து உள்ளே போய் டீ வைத்தேன். அங்கேயே நின்றிருந்தால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

அந்த நீலத்தின் பக்குவம் வீட்டுத் தலைவனுக்கும் வாரிசுக்கும் மட்டும்தான் தெரியும். தூள் அரைக்கக் கூலிக்கு ஆள் வைக்க மாட்டார்கள். அரைக்கிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் எடையும் நெறுநெறுப்பும் பார்த்தே என்ன சேர்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான் என்று பயம். அதனால் அரைப்பது வீட்டு மருமகள். அவளுக்கும் என்ன அரைக்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். பின்கட்டில் ஒரு சிறிய அறை. தூள் பறக்காமலும் யார் கண்ணும் படாமலும் இருக்கப் பலகைக் கதவுகளை இறுக்கச் சாத்திக்கொண்டு, தண்ணீர் விடாமல் உலர்ந்தபடியே அரைக்க வேண்டும். ஈரம் பட்டால் நீலம் மங்கிவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. மருமகள் ஒரு பிள்ளை பெற்று அது பிழைத்துவிட்டால் அன்றோடு அவளுக்குக் கல்வத்திலிருந்து விடுதலை. பெறாவிட்டால் அடுத்த மருமகள் வரும்வரை அவள்தான்.

அந்தத் தூளில் பாதிக்கு மேல் ஈயம். இது எனக்குத் தெரியவந்தது ரொம்பப் பிந்தி.

தஷிரோ வீட்டில் நான்கு தலைமுறையாக ஒரு பிள்ளையும் பிறந்து பிழைத்ததில்லை. நான்கு தலைமுறையும் தத்தெடுத்த வாரிசுதான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். "எங்க வீட்ல ரத்தத்துக்கு மதிப்பு கெடையாது, கைக்குத்தான் மதிப்பு" என்பார் ஓகினுவின் புருஷன் ஹிகோசபுரோ. அவரும் தத்து வந்தவர்தான். நான்கு தலைமுறை! ஏன் இப்படி என்று யோசிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதில் கால்வாசி அக்கறையை அந்த வீட்டுப் பெண்கள்மேல் காட்டியிருக்கலாம்.

ஓகினு அந்த வீட்டுக்கு வந்தபோது பதினெட்டு வயது. செஞ்சு ஆற்றங்கரையில் காய்கறி வியாபாரம் செய்கிறவரின் மகள். இரண்டு வாளி தண்ணீரை நுகத்தடியில் மாட்டிக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் நடப்பாள். சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். "ஓகுமாக்கா, எங்கப்பா விக்கிற முள்ளங்கிய விட என் கை தடிமன், பாத்தீங்களா?" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டுவாள். அந்தக் கையைப் பார்த்துத்தான் தஷிரோ வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று நான் கேலி செய்வேன். அது கேலி இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஒன்பது வருடத்தில் நான்கு கரு கலைந்தது. முகத்தில் ரத்தம் வற்றி மெழுகு நிறம் வந்தது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் மடங்கி உட்கார்ந்துவிடுவாள். நான்காவது போன மறுநாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷிதான், கொடுமைக்காரி இல்லை.

"எனக்கு ஏழு போச்சும்மா. உனக்கு நாலுதானே? மனசை விட்றாதே" என்று தேற்றினாள். அவளும் இருபது வருடம் அதே அறையில் அரைத்தவள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உறைக்கவைத்தது நெருப்பு. ஒரு வசந்த காலத்தில் வடக்குக் காற்றோடு தீ பிடித்துக் கண்டாவில் பாதி எரிந்தது. எங்கள் வீடும் போயிற்று, தஷிரோ வீடும் போயிற்று. கல்வம் சாம்பலுக்கு அடியில் கிடந்தது. ஓகினுவை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆண்கள் மரம் கிடைக்காமல் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார்கள். அந்த வருடத்தில் அவள் முகத்துக்குச் சிவப்புத் திரும்பியது. வயிற்றுவலி நின்றது. புருஷன் இடையிடையே அங்கே வந்து தங்கிப் போவார், கர்ப்பமானாள். மூன்று மாதம், நான்கு மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தவள் ஆறாம் மாதத்தில் எண்ணுவதை விட்டுவிட்டுக் குழந்தைக்குத் துணி தைக்க ஆரம்பித்தாள்.

ஏழாம் மாதம் புதுவீடு எழும்பியது. பெரிய இடத்து வேலை ஒன்று காத்திருக்கிறது என்று ஹிகோசபுரோ வந்து அழைத்துப்போனார். இன்னும் பிள்ளை பெறவில்லையே, முறைப்படி அவள்தான் அரைக்க வேண்டும். நாற்பது நாள் அரைத்தாள். குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை இரண்டு முறை அழுதது. சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு துளி இல்லை.

"அக்கா, கல்வம் சாம்பல்ல கெடந்தவரைக்கும் அது என் வயித்துல நல்லா இருந்துச்சு. கல்வத்தை எடுத்தேன், போயிருச்சு."

நான் அடுப்பில் கொதித்ததை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் புருஷன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். எங்கம்மா ஏழு புள்ளைய இந்தக் கல்வத்துக்குத்தான் வாரிக் குடுத்தாங்கன்னு அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுடி பாப்போம்னாரு. நான் எப்படிக்கா சொல்லுவேன்? அப்புறம் சொல்றாரு, இந்தப் பேச்சு வெளிய போனா, தூள்ல என்ன இருக்குன்னு மத்த பட்டறைக்காரனெல்லாம் மோப்பம் புடிச்சிருவானாம்."

"அப்ப என்ன இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியும்!"

"அதைத்தான் நானும் கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டாரு."

நான் திட்டாத திட்டு இல்லை. அப்பா வீட்டுக்குப் போய்விடு, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் போனா அந்த எடம் காலியாவா இருக்கும்? வேற ஒருத்தியக் கொண்டாந்து உக்கார வைப்பாங்க. அவளும் ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சுன்னு எண்ணிக்கிட்டு இருப்பா. எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணும் இல்லக்கா."

அதற்குப் பிறகு அவள் கர்ப்பமாகவே இல்லை. மாமியார் செத்தாள். செய்ஜி என்ற பையனைத் தத்தெடுத்து வேலை பழக்கினார்கள். அவனுக்கு இருபத்து மூன்று வயதில் பெண் பார்த்தார்கள். அசகுசாவில் கடற்பாசி விற்கிற வீட்டுப் பெண், பெயர் ஓமிட்சு. துடுக்கான வாய், சுறுசுறுப்பு, நல்ல உடம்பு. பெண் வீட்டுக்குள் காலடி வைத்த அன்று ஓகினுவுக்கு நாற்பத்தாறு வயது. பார்க்க அறுபது.

முதல் மாதமே சோறு பரிமாறும் கரண்டியை மருமகள் கையில் கொடுத்து வீட்டை ஒப்படைத்தாள். பத்து வருடம் இழுத்தடிக்கிற மாமியார்கள் உள்ள தெரு இது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்தது கல்வம்தான் என்று காத்திருந்தபோது ஓகினு என்னிடம் வந்தாள்.

"நான் அதை அவகிட்ட குடுக்கப் போறதில்ல. அவ ஒரு புள்ள பெத்து அது பொழச்சுட்டா, முறைப்படியே அவளுக்கு விடுதலை. அதுவரைக்கும் நான் தாங்கணும்."

"காரணம் கேப்பாங்களே?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நெசத்தைச் சொன்னா அவரு விடமாட்டாரு, அந்தப் பொண்ணை நாளைக்கே உக்கார வச்சு நான் பொய் சொல்றேன்னு காட்டுவாரு. மாமியா திமிரு, கெழவிக்கு ஆசை விடலன்னு ஊர் பேசுனா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. நீங்க கெளப்பி விடுங்கக்கா."

"அடியே, உன் பேரு நாறிப் போயிருமே!"

"நாறட்டும். பேரு என்ன புள்ளையா பெக்கப் போகுது?"

கிளப்பிவிட்டேன். அவள் சொன்னபடியே நடந்தது. ஹிகோசபுரோகூட, கிழவிக்கு வேலைமேல் அத்தனை பற்று என்று வெளியில் சிரித்துக்கொண்டார். ஓமிட்சு மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது அவமானம். கல்வம் கைக்கு வராத மருமகள் அந்த வீட்டில் விருந்தாளிக்குச் சமம். அரைக்கும்போது போட்டிருக்கிற சட்டையை ஓகினு தனியாக ஆற்றில் அலசுவாள், மருமகளைத் தொடவிட மாட்டாள். அதுவும் குற்றமாயிற்று.

"நான் தொட்டா துணி அழுக்காயிருமாம்! அத்தை, செத்தா அந்தக் கல்வத்தையும் கூடவே வச்சு எரிக்கச் சொல்லவா?" என்று கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"சொல்லும்மா. மறந்துராம சொல்லு" என்று ஓகினு துணியைப் பிழிந்துகொண்டே போனாள்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஓமிட்சு முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அதே இலையுதிர் காலத்தில் ஓகினுவின் வலது மணிக்கட்டு விழுந்தது. கையை நீட்டினால் விரல்கள் கீழே தொங்கும், தூக்க முடியாது. புத்தாண்டுக்குள் இடதும் போனது. சாப்பாட்டுக் குச்சி பிடிக்க முடியாதவள் குழவியை எப்படிப் பிடிப்பாள்? தினம் காலையில் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வருவாள். என் புருஷன் வாள் பிடிக்குச் சுற்றுகிற பட்டுக் கயிற்றால் குழவியை அவள் உள்ளங்கையோடு வைத்து, மணிக்கட்டைச் சுற்றி முழங்கைவரை நான் இறுக்கிக் கட்டிவிடுவேன். தோளால் தள்ளித் தள்ளி அரைப்பாள். மத்தியானம் வந்தால் அவிழ்த்துவிடுவேன். கயிறு பதிந்த இடம் நீலமாகக் கன்றியிருக்கும். முதல் நாள் முடிச்சுப் போட்டபோது நான் அழுதேன். "இறுக்கிக் கட்டுங்க, அழுகையெல்லாம் அப்புறம்" என்று அதட்டினாள். என் புருஷன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே நல்ல கயிறாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தார். அந்த மனிதர் வாழ்நாளில் செய்த பெரிய பேச்சு அதுதான்.

மழைக்கால நடுவில் ஒரு முற்பகல், சுவருக்கு அப்பால் குழந்தை அழுதது. அழுதது நிற்கவில்லை. ஓகினு கட்டிய கையோடு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

"அவுருங்கக்கா, சீக்கிரம்! பொண்ணு! கத்துது பாருங்க, எங்கப்பா சந்தையில கத்துற மாதிரி!"

சிரித்தாள். பதினெட்டு வயதில் சிரித்த அதே சிரிப்பு, மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்கும் அன்று நெஞ்சு நிறைந்துபோனது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டு மடச்சிகள்.

ஏழாம் நாள் பெயர் வைத்தார்கள். சிவப்புப் பயறு போட்ட சோறு, தலையோடு வாலோடு சுட்ட கடல் மீன், பட்டறைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குழந்தைக்கு ஓசோனோ என்று பெயர். ஹிகோசபுரோ அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நாலு தலைமுறையா வெளியிலேர்ந்து பொண்ணு எடுத்து கல்வத்துல உக்கார வச்சோம். எங்கயாவது வாயை விட்ருவாளோன்னு ஒவ்வொருத்தியப் பத்தியும் பயம். இப்பத்தான் நம்ம வீட்டுலயே ஒருத்தி பொறந்திருக்கா. இனிமே நம்ம நீலம் வாசப்படி தாண்டாது. இவளுக்கு ஏழு வயசாகட்டும், கல்வம் இவளுக்குத்தான்!"

எல்லோரும் வாழ்த்தினார்கள். ஓமிட்சு முகம் பூரித்துப்போயிருந்தது. தனக்கு மறுத்தது மகளுக்குக் கிடைக்கிறது அல்லவா. ஹிகோசபுரோ குழந்தையைக் கொண்டுவந்து ஓகினு மடியில் வைத்தார். அவளால் கையை மடித்து அதைப் பிடிக்க முடியவில்லை. உருண்டு விழப்போன குழந்தையை நான்தான் தாங்கினேன்.

மறுநாளே என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கலைந்த நான்கு, நெருப்பு, நாற்பது நாள், இரண்டு முறை அழுத பையன், எல்லாம். ஓமிட்சு பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்துவிட்டாள்.

"மூணு வருஷம் எனக்குக் குடுக்கல. இப்ப என் பொண்ணுக்கும் குடுக்க மனசு வரல, அதுக்கு இப்படி ஒரு கதையா? பச்சப் புள்ள காதுல விழுற மாதிரி சாவைப் பத்தி ஏன் பேசுறீங்க அத்தை?"

"அவ சொல்றது நெசம்டி. நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்களா? எங்க அத்தை பேராசைக்காரின்னு இந்தத் தெருவுக்கே சொன்னது நீங்கதானே பெரியம்மா? அன்னைக்கு சொன்னது பொய்யா, இன்னைக்கு சொல்றது பொய்யா?"

என் வாய் அடைத்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஓகினு மறுநாள் காலை வழக்கம்போல வந்து கையை நீட்டினாள். தான் உயிரோடு இருந்து அரைக்கிறவரை யாரும் கல்வத்தைக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாள். ஏழு வருடம் தாக்குப்பிடிக்கப் பார்த்தாள். மூன்றாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கடைசியில் பார்க்க வந்த வைத்தியர் அவள் ஈறில் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் கேட்டார், "இந்தம்மா ஈயச் சுரங்கத்துப் பக்கமா?" என்று.

அதைக் கேட்டுக்கொண்டு நேராக ஹிகோசபுரோவிடம் போனேன். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். செய்ஜியிடம் போனேன். பக்குவம் தெரிந்த வாரிசு அல்லவா அவன். தலையைக் குனிந்துகொண்டு முழுதும் கேட்டான். கம்பி வளைக்கிற குறடை எடுத்து வேலையைத் தொடர்ந்தான். ஓமிட்சு என் நிழலைக் கண்டாலே கதவைச் சாத்தினாள். ஓகினு செத்த பிறகு செய்ஜியே தூளை அரைத்தான், ஓசோனோ வளரட்டும் என்று. ஒரு பொய்யை நம்பவைக்க எனக்கு ஒரு மாதம் போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்லிக்கொண்டு வருடக்கணக்காக அலைகிறேன், ஒரு ஆள் கேட்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஓசோனோவுக்கு ஏழு முடிந்தது. தஷிரோ வீட்டில் விசேஷம் வைத்தார்கள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் சிவப்புப் பயறு சோறு அனுப்புகிற முறைப்படி எங்களுக்கும் அரக்குப் பெட்டி வந்தது. சண்டைக்காரியானாலும் அடுத்த சுவரை விட முடியாதே. கொண்டுவந்தவள் ஓசோனோதான். புதுச் சட்டை, கன்னம் இரண்டும் ஆப்பிள் மாதிரி. பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இனிமே நான்தான் அரைக்கணும் பெரிய பாட்டி. தாத்தா சொல்லிட்டாரு."

அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். வெளுத்த பருத்தித் துணி ஒன்றைக் கிழித்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக் காட்டினேன். "இதைக் கட்டிக்காம அந்த ரூமுக்குள்ள போகவே கூடாது. கதவைத் திறந்து வை. கையைக் கழுவாம எதையும் தின்னாதே. பாட்டி கால்ல விழுந்து கேக்குறேன்டி தங்கம்."

அவள் துணியை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி எனக்கு விளக்கினாள்.

"ஐயோ பாட்டி, துணியிலேர்ந்து நூலு விழுந்தா நீலம் கெட்டுப்போயிரும். தாத்தா மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதான்."

துணியை நான்காக மடித்து என் மடியில் வைத்தாள். காலிப் பெட்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.